மததான கேந்திரம்

ஏட்டி, போன செவ்வாய்க்கிழமை காலையில் நம் சொசைட்டி வாசலில் நின்று தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் ஓடி வந்து, மேடத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். அவரிடம் என்னவென்று சொல்ல? கேட்டை ஒட்டி யாரோ புது ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அச்சடித்து ஒரு நாள்கூட ஆகாத ஃப்ளெக்ஸுக்கு ஒரு வாடை உண்டே, மண்ணெண்ணெயும் ரப்பரும் கலந்த மாதிரி, அது பால் வாங்கப் போன என்னைப் பிடித்து நிறுத்தியது. நிமிர்ந்து பார்த்தால் ஒரு பெண்ணின் முகம். முக்காடு போட்டு, பல் தெரியச் சிரிக்கிற, ஆளுயர முகம். பக்கத்தில் உன் கட்சியின் சின்னம். கீழே மராட்டியில் "மத் த்யா", ஓட்டுப் போடுங்கள் என்று பெரிய எழுத்து.

உன் கட்சி ஒரு பெண்ணின் முகத்தை அச்சடித்திருக்கிறது. நீ வேட்பாளராக நின்றபோது உன் வீட்டுக்காரர் படத்தைப் போட்டு, அதன் கீழே இன்னாரின் மனைவி என்று உன் பெயரை எழுதிய அதே கட்சி. நீ போய் இன்னும் இரண்டு வருஷம் முடியவில்லை. கொஞ்சம் பொறுத்திருந்தால் பார்த்திருப்பாய் என்று உன்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் சிரித்தது அதற்கில்லை. "மத்" என்ற அந்த இரண்டெழுத்தைப் பார்த்துத்தான் சிரித்தேன்.

நாம் இரண்டு பேரும் பூனாவில் ஹடப்சருக்கு, அடுத்தடுத்த வீட்டுக்குக் குடிவந்தது ஒரே வருஷம். நான் பாளையங்கோட்டையிலிருந்து, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பம்பு கம்பெனிக்கு டைப்பிஸ்டாக. நீ மேலப்பாளையத்திலிருந்து, அப்பளமும் புளியும் காப்பித்தூளும் விற்கிற கடைக்காரரைக் கட்டிக்கொண்டு. ஊரில் பஸ்ஸில் கால் மணி நேரத் தொலைவில் இருந்தவர்கள், பூனாவுக்கு வந்துதான் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். நீ வந்த மூன்றே மாதத்தில் பஸ் போர்டையும் கடை போர்டையும் பார்த்துப் பார்த்து நாகரி எழுத்தைக் கூட்டி வாசிக்கப் பழகிவிட்டாய். எனக்குப் பொறாமையாக இருந்தது. எனக்கு அது ஒரு வருஷத்துக்குப் பிறகுதான் பிடிபட்டது.

அந்த வாசிப்புதான் உன்னைக் கவிழ்த்தது. இங்கே உன் பெயர் ஓட்டர் லிஸ்டில் வந்த முதல் தேர்தல். உன் வீட்டுக்காரர் சீட்டைக் கையில் கொடுத்து, பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் போட்டுவிட்டு வா என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். போன வேகத்தில் திரும்பி வந்தாய். நான் அடுப்படியில் இருந்தேன்.

"ஏட்டி, ஓட்டுப் போடுற எடம்னு அனுப்புனாவ. அங்க பாத்தா மத தான கேந்திரம்னு போர்டு வச்சிருக்காவ. மதத்த தானம் குடுக்கவா நான் வந்தேன்? வாசல்லயே திரும்பிட்டேன்."

நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். மராட்டியில் மத் என்றால் ஓட்டு, மத்தான் என்றால் ஓட்டுப் போடுவது என்று சொல்லி முடிப்பதற்குள் நீ கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டாய். சமாதானம் ஆகி இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். நீ போட்டிருக்க வேண்டிய முதல் ஓட்டு அப்படிப் போனது.

வேறு யாராவது என்றால் அதோடு மறந்திருப்பார்கள். நீ விடவில்லை. மதத்துக்கும் ஓட்டுக்கும் ஒரே பெயரை எவன் வைத்தான் என்று என்னைத் துளைத்து எடுத்தாய். உன் தொல்லை தாங்காமல் எங்கள் ஆபீஸ் மராட்டிக்காரர் ஒருவரிடம் கேட்டு வந்து சொன்னேன். மத் என்றால் முதலில் அபிப்பிராயமாம். ஒருவர் மனசுக்குச் சரியென்று பட்டது. மராட்டிக்காரர்கள் அதையே ஓட்டுக்கும் வைத்துக்கொண்டார்கள், நாம் அதையே மதத்துக்கு வைத்துக்கொண்டோமாம். நீ எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாய். பிறகு, "அப்ப மதம்னா ஒருத்தருக்குச் சரின்னு பட்டதுதானா? இத வெளிய சொல்லிக்கிட்டுத் திரியாத" என்றாய்.

அடுத்த வாரம் தெருவில் ஒரு ஆட்டோ ஹிந்தியில் அலறிக்கொண்டு போனது. ஏதோ ஒரு கட்சிக்கு "மத் தோ" என்று. ஹிந்தியில் மத் என்றால் வேண்டாம் என்றும் பொருள். ஓட்டுக் கொடு என்கிறானா, கொடுக்காதே என்கிறானா என்று நீ வாசலில் நின்று என்னைக் கேட்டாய். அன்றிலிருந்து அந்தச் சொல் எங்கே தட்டுப்பட்டாலும் என்னிடம் கொண்டுவந்து போடுவது உன் வேலையாகிவிட்டது. பஹுமத் என்றால் பெரும்பான்மை, ஏக்மத் என்றால் எல்லோருக்கும் ஒரே எண்ணம். கடைசியில் ஒரு நாள் நம் தமிழிலிருந்தே ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாய். "சம்மதத்துக்குள்ளயும் அதுதான் கெடக்குட்டி, பாத்தியா?"

உன் கட்சியை எனக்குப் பிடிக்காது என்று உனக்குத் தெரியும். மதத்தை வைத்துக் கட்சி நடத்துகிற எவரும் ஜனநாயகத்துக்கு உலை வைத்துவிட்டுத்தான் ஓய்வார்கள் என்று அடித்துப் பேசுவேன். நீ சண்டைக்கு வரமாட்டாய், கேள்வி கேட்பாய். உங்கள் பள்ளிவாசல் தெருவில் கட்சியைத் தொடங்கியவர் டெய்லர் கடை வைத்திருந்த சதர் சாஹிப். சதர் என்றால் தலைவர், எல்லோருக்கும் அவர் பெயரே அதுதான். அவர் வருவதற்கு முன்னால், ஓட்டுப் போடுவது நமக்கு ஆகாத காரியம் என்று சொல்லிக்கொண்டிருந்த பெரியவர்கள் அந்தத் தெருவில் இருந்தார்களாம். ஓட்டு என்பது சாட்சி, சாட்சியை மறைப்பது பாவம் என்று சதர் வீடு வீடாகப் போய்ச் சொன்னாராம். "அவரு மார்க்கத்த வச்சுச் சொல்லலேன்னா எங்க தெருப் பொம்பளைக ஒருத்திகூட க்யூவுல நின்னிருக்க மாட்டா. இப்பச் சொல்லு, அவரு உலை வச்சாரா, அடுப்புப் பத்த வச்சாரா?" என்றாய். பதில் இல்லாவிட்டால் நான் குரலை உயர்த்துவேன். எங்கள் சர்ச்சில் பார், கமிட்டிக்குத் தேர்தலே வைக்கிறோம் என்று பீற்றிக்கொண்டேன். "தேர்தல் இருக்கட்டும்ட்டி. கமிட்டிக்குள்ள கையத் தூக்கச் சொல்லி எண்ணுதாவளா?" என்றாய். நான் காப்பி போட எழுந்துவிட்டேன்.

அப்புறம் நம் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. கட்சிக்கு அவசரமாக ஒரு பெண் வேண்டும். சதரும் இரண்டு பேரும் கடைக்கு வந்து உன் வீட்டுக்காரரைக் கேட்டார்கள். அவர் சரி என்றார். சாயந்தரம் வீட்டுக்கு வந்து, நீ நிற்கிறாய் என்று உன்னிடம் சொன்னார். நீ சுவரைத் தாண்டி என்னைக் கூப்பிட்ட குரலிலேயே ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்தது.

"நிக்காஹ்வுக்குக்கூட வக்கீலும் ரெண்டு சாட்சியும் உள்ள வந்து, ஒனக்குச் சம்மதமான்னு கேட்டுட்டுப் போனாவ. நான் வெக்கத்துல பேசாம இருந்தேன், சம்மதம்னு எழுதிக்கிட்டாவ. நல்ல மனுசன்தான் கெடச்சாரு, அது வேற கதை. இதுக்கு அதுகூட இல்லியா?"

உன் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பாவம், அவருக்கு நியாயம் என்று பட்டது. மறுநாள் சதரிடம் போய் நீ சொன்னதை அப்படியே சொல்லிவிட்டார். கட்சியில் சிரித்தார்களாம். ஆனால் சதரால் சிரிக்க முடியவில்லை. மார்க்கத்தை வைத்துக் கட்சி நடத்துகிறவரிடம் மார்க்கத்தை வைத்தே கேட்டால் அவர் எங்கே போவார்?

வெள்ளிக்கிழமை சாயந்தரத் தொழுகையான அஸர் முடிந்து வந்தார்கள். சதர், ஒரு வக்கீல், இரண்டு சாட்சிகள். வக்கீல் என்றால் கோர்ட்டு வக்கீல் இல்லை, மணமகளிடம் போய்ச் சம்மதம் கேட்டு வருகிறவர். அவர்கள் ஹாலில் உட்கார்ந்தார்கள். நடுவில் திரைச்சீலை. அடுப்படிப் பக்கம் நீயும் நானும். உன் வீட்டுக்காரர் டீத்தட்டோடு அங்கேயும் இங்கேயுமாக அலைந்தார். வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த வார்டில் நம் கட்சி சார்பாக நிற்க உங்களுக்குச் சம்மதமா என்று ஹிந்தியில் கேட்டார். நீ பேசவில்லை. இரண்டாவது தடவை கேட்டார். நீ பேசவில்லை. எனக்கு மண்டை காய்ந்தது. உன் இடுப்பில் இடித்தேன். மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டு, பதில் இல்லாததால் சம்மதம் என்றே எடுத்துக்கொள்ளலாம் என்று சதர் எழுந்தார்.

"மைனே அபீ போலா நஹீ," என்றாய். நான் இன்னும் பேசவே இல்லை.

நாற்காலி மறுபடி கிரீச்சிட்டது. சதர் உட்கார்ந்துவிட்டார். முதலில் மஹர் பேச வேண்டும் என்றாய். நிக்காஹ்வில் மணமகன் மணமகளுக்குத் தர வேண்டியது மஹர். அதைக் கேட்கிற உரிமை பெண்ணுக்கு உண்டு. அவர்கள் முகம் எப்படிப் போயிருக்கும் என்று திரைக்கு இந்தப் பக்கம் இருந்தே எனக்குத் தெரிந்தது. நீ கேட்டது இதுதான். கட்சிக் கூட்டத்தில் நீயும் உட்கார வேண்டும், எந்த முடிவானாலும் கையைத் தூக்கச் சொல்லி எண்ண வேண்டும், பெண்கள் கையையும் சேர்த்து.

சதர் மிகவும் பொறுமையாகச் சொன்னார். நாங்கள் மஷூரா செய்கிறோம், கலந்து பேசி எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் முடிவு, அதில் எண்ணுவதற்கு என்ன இருக்கிறது என்றார். உன் பதில் எனக்கு மனப்பாடம். "எல்லாரும் ஒத்துக்கிட்டது நிசம்னா, எண்ணிப் பாக்கதுக்கு என்ன பயம்?" என்பதைத்தான் நீ உன் உடைந்த ஹிந்தியில் மிகவும் மரியாதையாகக் கேட்டாய். சதர் டீக் கிளாஸைத் தட்டில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு சதர், கபூல் என்றார். ஒப்புக்கொண்டேன் என்று. அப்புறம்தான் நீ சம்மதம் சொன்னாய்.

அப்புறம் போஸ்டர் வந்தது. உன் வீட்டுக்காரர் கோட்டுப் போட்டுக்கொண்டு கை கூப்பி நின்றார். நீ எங்கேயும் இல்லை. கிழித்துப் போடு என்றேன். நீ மடித்து அலமாரியில் வைத்தாய். "நான் மஹராக் கேட்டது கையத்தான், மொகத்த இல்லையே. மொகத்த அப்புறம் கேப்போம்" என்றாய். பக்கத்துச் சுவரில் எதிர்க்கட்சிப் போஸ்டர். அதுவும் ஒரு மதத்தின் பெயரால் நடக்கிற கட்சிதான், வேறு மதம். அந்தக் கட்சிக்கு நின்றவர் விமல்தாய், மராட்டியில் தாய் என்றால் அக்கா; அவர் முகம் கட்டைவிரல் அளவுக்கு ஒரு மூலையில். நடுவில் அவர் வீட்டுக்காரர். மனுத் தாக்கல் செய்யப் போன இடத்தில் நீயும் விமல்தாயும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தீர்களாம். இரண்டு வீட்டுக்காரர்களும் ஃபாரம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். உங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை என்று வந்து சொன்னாய். விமல்தாய் ஜெயித்தார், நீ தோற்றாய். அதற்குப் பிறகும் அவர் உன் வீட்டுக்கு டீ குடிக்க வருவார். உங்கள் கட்சியில் கை எண்ணுகிறார்களாமே, எங்களுக்கு மேலிடத்திலிருந்து போன் வரும், அவ்வளவுதான் என்று ஒரு நாள் ஆச்சரியப்பட்டார். எந்தக் கட்சி ஜனநாயகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, எது தள்ளி இருக்கிறது என்று நான் வைத்திருந்த கணக்கெல்லாம் அன்று குழம்பிப்போனது.

நீ தோற்ற பிறகும் சதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். உன்னைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார், உன்னோடு வந்த பெண்களையும் உட்காரவைத்தார். வருஷத்துக்கு ஒரு தடவை நீ ஒரே விஷயத்தைக் கொண்டுபோவாய். அடுத்து எந்தப் பெண் நின்றாலும் போஸ்டரில் அவள் முகம் வர வேண்டும். எண்ணுவார்கள். முதல் வருஷம் உன் பக்கம் ஏழு கை, அந்தப் பக்கம் பத்தொன்பது. நான் கொதித்தேன். தோற்கடிப்பதற்கென்றே எண்ணுகிறார்கள், இதற்குப் போய் அவ்வளவு மஹர் கேட்டாயா என்று கத்தினேன். நீ வெற்றிலை மடிப்பதை நிறுத்தாமல் சொன்னாய்.

"எண்ணுனதாலதான தோத்தேன்னு தெரியுது. முன்னெல்லாம் தோத்ததே தெரியாதுல்லா. இப்ப அந்த ஏழு யாருன்னும் தெரியும்."

அடுத்த வருஷம் ஒன்பது. அதற்கடுத்த வருஷம் எட்டு. யார் கையை இறக்கினார்கள் என்று நீ கோபப்படவே இல்லை, ஏன் இறக்கினார்கள் என்று போய் விசாரித்துவிட்டு வந்தாய். பிறகு சர்க்கரை உன் காலில் வந்தது, பிறகு சிறுநீரகத்தில். டயாலிசிஸுக்குப் போகும் ஆட்டோவிலும், இந்தத் தடவை பதினொன்று வரும் என்று என்னிடம் விரலை மடக்கிக் காட்டினாய். அந்தக் கூட்டத்துக்கு நீ இல்லை. உன்னை அடக்கம் செய்த அன்று சதர் உன் வீட்டு வாசலில் செருப்பைப் போடாமல் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். நான் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று இப்போது வருத்தமாக இருக்கிறது.

அதனால்தான் செவ்வாய்க்கிழமை அந்த முகத்தைப் பார்த்ததும் பால் பாத்திரத்தோடு நேரே அவர் கடைக்குப் போனேன். கண்ணில் அறுவை செய்துகொண்டு, தைப்பதை மகனிடம் விட்டுவிட்டு, ஒரு ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். முகம் எப்படி வந்தது, இருபத்தாறில் பதினான்கு கை சேர்ந்துவிட்டதா என்று கேட்டேன். அவர் இல்லை என்று தலையாட்டினார். எண்ணவே இல்லையாம். மற்றக் கட்சிகள் எல்லாம் பெண்கள் படத்தைப் பெரிதாகப் போடுகிறார்கள், நாமும் போடாவிட்டால் ஓட்டு விழாது என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்ததாம். போட்டுவிட்டார்கள். எனக்கு அப்படியே சப்பென்று ஆகிவிட்டது. கடையிலிருந்து இறங்கும்போது அவர் சொன்னார். உங்கள் சிநேகிதி போன பிறகு எண்ணச் சொல்ல ஆளில்லை, கூட்டம் சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்று. அதைச் சந்தோஷமாக அவர் சொல்லவில்லை.

உன் புத்தி எனக்கும் ஒட்டிக்கொண்டதோ என்னவோ, அதோடு வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. ஃப்ளெக்ஸில் இருந்த பெண்ணைத் தேடிப் போனேன். ருக்சானா என்று பெயர், பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். நிற்கச் சம்மதமா என்று அவளைக் கேட்டார்களா என்றேன். கேட்டார்களாம், வாட்ஸப்பில். கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினாளாம். கையைக் கேட்டாய், விரல் வந்திருக்கிறது. இதற்கு நீ சிரிப்பாயா, திட்டுவாயா? ஆனால் ஏட்டி, அவள் உன்னை மாதிரிப் பயந்து திரும்பி வருகிற ஆளும் இல்லை. உன் மஹர் கதையைச் சொன்னேன். பாடத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள். எத்தனை கை எந்த வருஷம் என்றெல்லாம் கேட்டாள். பதினொன்று வரும் என்று நீ சொன்னதையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள், வாக்குறுதி எதுவும் தரவில்லை. உன் கட்சியை மாற்றியது சட்டமா, போட்டியா, சதரின் சொல்லா, நீயா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. உள்ளபடியே மாறித்தான் இருக்கிறதா என்பதும் தெரியவில்லை.

இன்று ஞாயிறு. ஆராதனை முடிந்து எங்கள் சபைக் கமிட்டி கூடியது. பதினாறு வருஷமாக அதில் நான் உறுப்பினர் என்று உனக்குத் தெரியும். கல்லறைத் தோட்டத்துக்குச் சுவர் கட்டித் தருவதாக ஒரு வேட்பாளர் சொல்லியிருக்கிறார். அதனால் சபையாரின் ஓட்டு முழுவதும் அவருக்கே என்று கமிட்டி ஏகமனதாகத் தீர்மானிக்கிறது, அடுத்த ஞாயிறு பிரசங்கத்துக்குப் பிறகு அது வாசிக்கப்படும் என்று செயலாளர் படித்தார். மதம், ஓட்டு இரண்டையும் ஒன்றாகக் கட்டி ஒருவர் கையில் தானமாகக் கொடுக்கிறார்கள். அந்த போர்டை நீ சரியாகத்தான் வாசித்திருக்கிறாய். யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. இந்தப் பதினாறு வருஷத்தில் பேசாமல் இருந்தே எத்தனை ஏகமனதில் நான் சேர்ந்திருப்பேன் என்று அப்போதுதான் உறைத்தது. எண்ணுகிறார்களா என்று நீ கேட்டதற்கு நான் காப்பி போடப் போனதும் ஞாபகம் வந்தது. செயலாளர் நோட்டை மூடப் போனார்.

"நான் இன்னும் பேசலையே," என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கையைத் தூக்கச் சொல்லி எண்ணுங்கள் என்றேன். நம் கமிட்டியில் அப்படிப் பழக்கம் இல்லையே என்றார் ஆயர். எல்லாருக்கும் சம்மதம்தானே ஐயா, எண்ணிப் பார்ப்பதில் என்ன என்றேன். எண்ணினார்கள். தீர்மானத்துக்கு ஆதரவாகப் பதின்மூன்று கை. எதிராக மூன்று. ஒன்று என்னுடையது. மற்ற இரண்டையும் நான் எதிர்பார்க்கவே இல்லை, ஒருவர் ஆர்கன் வாசிக்கிறவர், இன்னொருவர் இத்தனை வருஷமும் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா. செயலாளர் பேனாவைத் திறந்து, ஏகமனதாக என்ற சொல்லை அடித்துவிட்டு, மேலே பெரும்பான்மையாக என்று எழுதினார்.

ஸ்டெல்லாவும் நானும் ஒரே ஆட்டோவில் வந்தோம். தோற்றேன் என்று தெரிந்துகொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன், ஏட்டி. அந்த இரண்டு கை யாருடையவை என்றும் எனக்குத் தெரியும்.